உப்பின் ஒலியும் உயிரின் மௌனமும்

கல்லுப்பைத் தணலில் இட்டால் அது படபடவென்று வெடிக்கும். இஃது எல்லா இல்லங்களிலும் எல்லாரும் அறிந்த செய்தி. அறிந்த செய்தியை ஆராய்வது வீண் என்று தோன்றலாம். ஆயினும் அவ்வொலிக்கு நாம் என்ன பொருள் கொள்கிறோம் என்பதில் நம்முடைய காட்சியும் ஒழுக்கமும் அடங்கியிருக்கின்றன. ஒருவர் அதனைக் கண்ணேறு கழிந்ததன் அடையாளம் என்பர். மற்றொருவர் உப்பில் உறையும் உயிரின் ஓலம் என்பர். வேறொருவர், அது நீராவியின் வேலை. அதற்கு மேல் அதில் எண்ணிப் பார்க்க ஒன்றுமில்லை என்பர். இம்மூன்று கூற்றுகளையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதுரை மாநகரின் வடமேற்கு எல்லையில், திண்டுக்கல் செல்லும் சாலையில் அமைந்தது விளாங்குடி. பேரூராட்சியாக இருந்து 2011ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட இப்பகுதியில், பல ஊர்களிலிருந்து பிழைப்பின் பொருட்டு வந்தோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். வாசலில் விளையாடும் குழந்தையைத் தெருவார் அனைவரும் பார்ப்பர். பார்த்தவர்களுள் ஒருவர், குழந்தை நன்றாக வளர்ந்திருக்கிறது என்று ஒரு சொல் சொல்லுவார். அன்றிரவே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அச்சொல் வீட்டாரின் நினைவுக்கு வரும். மறுநாள் அந்தியில் கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கடுகு, தெருமண் ஆகியவற்றைக் கையில் எடுத்து, குழந்தையை மும்முறை சுற்றிச் சிரட்டைத் தணலில் இடுவர். உப்பு வெடிக்கும். எவ்வளவு கண் பட்டிருக்கிறது பார்த்தீர்களா என்று ஒருவரையொருவர் நோக்குவர்.

இவ்வழக்கம் விளாங்குடிக்கு மட்டும் உரியதன்று. தமிழகம் முழுவதிலும் உள்ளது. நம் சமண இல்லங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை நாம் ஒளிக்க வேண்டியதில்லை. காலையில் ஜினாலயம் சென்று அருகப் பெருமானை வழிபட்டு, மாலையில் உப்புச் சுற்றிப் போடும் இல்லங்கள் உள. அதனைச் செய்யும் தாய்மார்களின் அன்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வன்பு செல்லும் வழி செம்மையானதா என்பதே கேள்வி.

வெடிப்பது எது?

முதலில், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை அறிவோம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் கடல்நீரையும் உவர்நீரையும் பாத்திகளில் பாய்ச்சி வெயிலில் வற்றவைத்து உப்பு விளைவிக்கின்றனர். நீர் வற்ற வற்ற உப்புப் படிகங்கள் விரைந்து வளர்கின்றன. அவ்விரைவில், கண்ணுக்குப் புலனாகாத சின்னஞ்சிறு அறைகளில் உவர்நீரைத் தம்முள் சிறைப்படுத்திக்கொள்கின்றன. கல்லுப்பு கண்ணாடியைப் போலத் தெளிவாக இராமல் வெண்மையாகத் தோன்றுவதற்கு இவ்வறைகளும் ஒரு காரணம்.

தணலில் விழுந்தவுடன் அந்நீர் ஆவியாக விரிய முயல்கிறது. வெளியேற வழியில்லை. 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அடைபட்ட நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு ஆகும். 250 டிகிரியில் அது ஏறத்தாழ 40 மடங்காகிறது. உப்போ 801 டிகிரியில்தான் உருகும். ஆகவே உருகி இளகி நீருக்கு வழிவிடவும் அதனால் இயலாது. முடிவில் படிகம் பிளந்து தெறிக்கிறது. நாம் கேட்கும் ஒலி அந்தப் பிளவின் ஒலி.

இதனை எவரும் தம் அடுப்பங்கரையிலேயே சோதித்து அறியலாம். ஊறுகாய்க்கும் பொடிக்கும் கல்லுப்பை வெறும் வாணலியில் வறுத்தெடுக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அப்போதும் உப்பு அதே ஒலியுடன் வெடிக்கிறது. படபடப்பு அடங்கியதும் ஈரம் நீங்கியது என்று இறக்கிவைக்கின்றனர். அங்கே ஒருவரும் கண்ணேற்றை நினைப்பதில்லை. பொட்டலத்தில் வரும் தூளுப்பை அதே தணலில் இட்டால் ஓசை மிகக் குறைவு. பொடியாக இருக்கும் துகள்களில் நீரை அடைத்துவைக்கப் பெரிய அறைகள் இல்லை. அவ்வாறாயின், அண்டை வீட்டாரின் கண்ணில் நஞ்சு உண்டா இல்லையா என்பது, நாம் கடையில் கல்லுப்பு வாங்கினோமா தூளுப்பு வாங்கினோமா என்பதைப் பொறுத்ததாக அன்றோ முடிகிறது!

படிகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் நூற்றுக்கு 45 பங்குக்கு மேல் நீர்தான். உப்பில் அடைபட்ட நீரோ மிகச் சிறிதளவு. ஆனால் தீயிலிட்ட படிகாரம் உப்பைப் போல் வெடித்துத் தெறிப்பதில்லை. தன்னுள் உள்ள நீரிலேயே இளகி, நுரைத்துப் பொங்கி, வெண்மையாக உலர்கிறது. சித்த மருத்துவர் படிகாரத்தையும் வெங்காரத்தையும் பொரித்து எடுப்பது இவ்வாறே. நீர் மிகுந்தது அடங்கிப் பொங்குகிறது. நீர் குறைந்தது வெடிக்கிறது. ஆகவே ஒலியின் அளவு நீரின் அளவைக் காட்டுவதன்று. அடைபட்டிருக்கும் தன்மையைக் காட்டுவது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரீய நைட்ரேட்டைச் சூடாக்கும் மாணவர்களும் இவ்வாறு வெடிக்கும் ஒலியைக் கேட்டிருப்பர்.

போலந்து நாட்டில் வியலிச்கா என்னும் பழம்பெரும் உப்புச் சுரங்கம் உள்ளது. அங்குக் கிடைக்கும் ஒருவகை உப்பு, தீயே இல்லாமல், தண்ணீரில் கரையும்போதே வெடித்து ஒலிக்கும். அதனுள் அழுந்திக் கிடக்கும் வாயு வெளியேறுவதே காரணம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலார் கண்டனர். சுற்றவும் இல்லை, தணலும் இல்லை, கண்ணும் இல்லை. ஒலி மட்டும் உண்டு.

ஏதுவும் சான்றும்

நம் சமயம் நம்பிக்கையை மட்டும் போற்றிய சமயமன்று. தருக்கத்தைப் போற்றி வளர்த்த சமயம். நீலகேசியைத் தந்த மரபினர் நாம். ஒரு பொருளை மெய்ப்பிக்கக் காட்டப்படும் ஏது எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதற்குச் சமணத் தருக்க நூலோர் ஓர் இலக்கணம் வகுத்தனர். அதனை அன்யதானுபபத்தி என்பர். இஃதன்றி வேறொன்றாலும் அது நிகழ இயலாது என்னும் நிலை இருந்தால்தான் அது நல்ல ஏது. புகை நெருப்பின்றி எழாது. ஆதலின் புகை நெருப்புக்கு ஏதுவாகிறது.

உப்பின் ஒலி இவ்விலக்கணத்தில் தேறுமா? கண்ணேறு இல்லாத ஊறுகாய் உப்பிலும் அது நிகழ்கிறது. கண்ணேறு உண்டெனக் கருதப்படும்போதும் தூளுப்பில் அது பெரிதும் நிகழ்வதில்லை. ஆகவே அது கண்ணேற்றுக்கு ஏதுவாகாது.

இச்சடங்கில் மற்றொரு குறையும் உண்டு. உப்பு உரக்க வெடித்தால் கண் பட்டிருக்கிறது என்பர். உடன் இட்ட மிளகாயிலிருந்து நெடி வராவிட்டாலும் கண் பட்டிருக்கிறது என்பர். ஒன்றில் நிகழ்ச்சி சான்றாகிறது. மற்றொன்றில் நிகழாமையே சான்றாகிறது. எது நிகழ்ந்தாலும் பழியைச் சுமத்தலாம். எது நிகழ்ந்தாலும் பழி நீங்குவதற்கு வழியில்லை. குற்றமற்றவர் என்று ஒருவரையும் விடுவிக்க இயலாத விசாரணை விசாரணையாகாது. தீர்ப்பை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு உப்பைச் சாட்சிக்கு அழைக்கிறோம்.

ஓரறிவுயிருக்குக் குரல் உண்டா?

இனி இரண்டாவது கூற்றுக்கு வருவோம். உப்பு மண்ணைச் சார்ந்தது. மூலாசாரம் நிலத்தின் வகைகளை அடுக்கும்போது மண், மணல், கல், இரும்பு, செம்பு, பொன் ஆகியவற்றுடன் உப்பையும் சேர்த்துக் கூறுகிறது. இவற்றை உடலாகக் கொண்டு வாழும் உயிர்களைப் பிருதிவிகாயிக ஜீவன்கள் என்கிறோம். இதனைக் கற்ற அன்பர் சிலர், தீயில் உப்பு வெடிப்பதைக் காட்டி, பாருங்கள், அவ்வுயிர் அலறுகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்வதுண்டு. நோக்கம் நன்று; ஆனால் இக்கூற்று ஆகமத்திற்கே பொருந்தாது.

ஓரறிவுயிர்க்கு உள்ள பிராணன்கள் நான்கு மட்டுமே: பரிசம் என்னும் பொறி, உடல் வலிமை, உயிர்ப்பு, ஆயுள். வாக்கு வலிமை என்னும் பிராணன் ஈரறிவுயிர் தொட்டே தொடங்குகிறது. சங்கும் புழுவும் அதனை உடையன. மண்ணும் நீரும் தீயும் காற்றும் மரமும் அதனை உடையன அல்ல. ஆகவே உப்பில் உயிர் உறைந்திருப்பினும் அவ்வுயிர் குரல் எழுப்புவதில்லை. மேலும், சர்வார்த்தசித்தியில் பூஜ்யபாதர், உயிர் உறையும் மண்ணுடலையும் உயிர் நீங்கிய மண்ணுடலையும் வேறுபடுத்திக் காட்டியுள்ளார். வெடிப்பது படிகம் என்னும் புத்கலம். அதன் ஒலியும் புத்கலத்தின் பரியாயமே. ஒலி புத்கலத்தின் விளைவு என்பது நம் சமயத்தின் தெளிந்த கொள்கை.

இங்கே இளைஞர் ஒருவர் வினவக்கூடும்: நீராவியே காரணம் என்றால், உப்பில் உயிர் உண்டு என்பது பொய்தானே? அதுவும் பொருந்தாது. ஒலி உயிரின் இருப்புக்குச் சான்றாகாதது போலவே, ஒலிக்குப் பௌதிகக் காரணம் கண்டமை உயிரின் இன்மைக்கும் சான்றாகாது. கதவு சாத்தும் ஓசைக்கு மரமும் இரும்பும் காரணம் என்று மெய்ப்பித்துவிட்டால், வீட்டினுள் ஆள் இல்லை என்று மெய்ப்பித்தவராவோமா? ஜகதீச சந்திர போசின் ஆய்வுகளை நம் மேடைகளில் எடுத்துக்காட்டிப் பெருமை கொள்வோர் உளர். அறிவியல் துணை வரும்போது மகிழ்வது இயல்பு. ஆனால் பொருந்தாத சான்றால் நிறுத்தப்பட்ட கொள்கை, அச்சான்று விழும் நாளில் தானும் விழுந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு அத்தகைய ஊன்றுகோலைக் கொடுத்தல் தகாது.

அவ்வாறாயின் உப்பின் ஒலியிலிருந்து நாம் கற்பது ஒன்றுமில்லையா? உண்டு. ஒலியைக் கொண்டு துன்பத்தை அளவிடக்கூடாது என்பதே அது. உப்பு உரக்க ஒலிக்கிறது. அவ்வொலியில் துன்பம் இல்லை. ஓரறிவுயிர் ஒலிப்பதே இல்லை. ஆனால் அதற்கும் பரிச உணர்வு உண்டு, ஆயுள் உண்டு என்கிறது ஆகமம். அலறுகின்ற உயிருக்கு இரங்குவது எவர்க்கும் இயல்பாக வருவது. கொடியவனும் சில வேளைகளில் அலறல் கேட்டுக் கையை நிறுத்துவான். அலற இயலாததைக் கருதி அடியெடுத்து வைப்பதே ஜினர் கற்பித்த ஜீவகாருண்யம். மண்ணையும் நீரையும் மரத்தையும் உயிருள்ளவை என்று அறிந்து ஒழுகுவதன் பொருள் இதுவே.

விளாங்குடிக்குத் தெற்கே வைகைக்கு அப்பால் நாகமலை நீண்டு கிடக்கிறது. அதனை அடுத்துக் கீழக்குயில்குடியில் சமணர்மலை உள்ளது. மதுரையைச் சூழ்ந்த இத்தகைய குன்றுகளில் நம் முனிவர்கள் கற்படுக்கைகளில் தவமியற்றினர். அழகர்மலைக் குகைத்தளத்தில் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்த தமிழிக் கல்வெட்டுகளில் கொடையாளர் பெயர்கள் காணப்படுகின்றன. பொற்கொல்லர், கொழு வணிகர், அறுவை வணிகர், பாணித வணிகர் ஆகியோருடன் மதுரையைச் சார்ந்த உப்பு வணிகர் ஒருவரும் அவர்களுள் உள்ளார். அவர் பெயர் வியகன். நாள்தோறும் உப்பை அளந்து விற்ற ஒருவர், தம் பொருளை முனிவர் தங்கும் இடத்திற்கு ஈந்தார். நம் முன்னோரிடம் உப்பினால் வந்த செல்வம் சென்ற வழி அது.

அக்குன்றுகளும் பேசாதவையே. உப்பைப் போலவே பாறையும் தீயில் வெடிக்கும். பாறை மீது விறகை அடுக்கித் தீ மூட்டினால் மேற்புறம் உட்புறத்தைவிட விரைந்து விரிந்து, ஏடாகப் பெயர்ந்துவரும். பழைய கல்லுடைப்போர் இம்முறையைக் கையாண்டனர். இன்று வெடிமருந்தும் எந்திரமும் வந்துவிட்டன. சமணச் சின்னங்கள் அமைந்த அரிட்டாபட்டி, 2022ஆம் ஆண்டில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2024ஆம் ஆண்டின் இறுதியில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்துச் சுற்றுவட்டார ஊர்மக்கள் திரண்டனர். 2025 சனவரியில் அவ்வேலம் நீக்கப்பட்டது. குன்று குரல் எழுப்பவில்லை. குன்றுக்காக மனிதர் குரல் எழுப்பினர். அவர்களுட் பெரும்பாலோர் சமணர் அல்லர். ஆயினும் குரலற்றதன் பொருட்டுப் பேசுதல் என்னும் அறத்தை அவர்கள் நமக்கு நினைவூட்டினர்.

பயனில் தீவினை

இல்லறத்தார்க்கு ஓரறிவுயிர்க் கொலையை முற்றிலும் நீக்குதல் இயலாது. சமைக்க வேண்டும், உப்பு வேண்டும், தீயும் வேண்டும். இதனை அறிந்தே நம் ஆசாரியர்கள் சிராவகர்க்கு அணுவிரதங்களை வகுத்தனர். ஆனால் உடன் மற்றொன்றையும் வகுத்தனர். அது அநர்த்த தண்ட விரதம் என்னும் குணவிரதம். பயனின்றிச் செய்யப்படும் தீவினையை விலக்குதல் என்பது அதன் பொருள். அதன் ஒரு பிரிவாகப் பிரமாதசரியை கூறப்படுகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளைச் சிதைத்தல் ஆகியவை அதில் அடங்கும். சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் இதனை விளக்கியுள்ளார். அதன் பொருளைத் தமிழில் தருவது அருங்கலச்செப்பு.

சமையலுக்கு இடும் உப்பும் தணலில் இடும் உப்பும் ஒரே உப்பு. வேறுபாடு பயனில் உள்ளது. முன்னது வாழ்வின் பொருட்டுத் தவிர்க்க இயலாதது, பின்னது பயனற்றது. அது பயனற்றதாக நின்றிருந்தால் சிறு பிழை என்று விட்டுவிடலாம். அது ஓர் எண்ணத்தைத் தாங்கி நிற்கிறது. அவ்வெண்ணமே பெரும்பிழை.

கண்ணேறு பற்றிய பழி பெரும்பாலும் யார் மீது விழுகிறது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். செல்வர் மீதோ செல்வாக்குடையார் மீதோ அது விழுவது அரிது. மகப்பேறு வாய்க்காத பெண்மணி, கணவனை இழந்தவர், வறியவர், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஆகியோர் மீதே விழுகிறது. குழந்தையைப் பார்த்து மகிழ்ந்து ஒரு சொல் சொன்னதுதான் அவர் செய்தது. மறுநாள் முதல் அவர் வரும்போது குழந்தையை உள்ளே அழைத்துக்கொள்கின்றனர். காரணத்தை ஒருவரும் அவரிடம் சொல்வதில்லை. சொல்லாமலே அவர் அறிந்துகொள்கிறார். அதன்பின் எந்தக் குழந்தையைக் கண்டாலும் பார்வையைத் திருப்பிக்கொள்ளப் பழகுகிறார். தணலில் இட்ட உப்பு வெடித்து ஒலித்தது. அவர் உள்ளத்தில் நிகழ்ந்ததற்கு ஒலியே இல்லை.

கொலையின் இலக்கணம் கூறவந்த உமாசுவாதி ஆசாரியர், பிரமத்த யோகத்தால், அஃதாவது கஷாயங்களுக்கு இடங்கொடுத்த சோர்வினால், பிராணன்களுக்கு உறுகண் செய்தலே ஹிம்சை என்றார். அச்சமும் ஐயமும் சேர்ந்து அயலாரைப் பகையாக எண்ணச் செய்வது கஷாயத்தின் செயலன்றோ? ஒரு பிடி உப்பில் எத்தனை ஓரறிவுயிர் இருந்தன என்பதை நாம் எண்ணிக்கொண்டிருக்கும் வேளையில், ஆறாம் அறிவும் படைத்த ஓர் உயிரை நோகச் செய்தமை நம் கணக்கில் வாராமல் போகிறது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம் ஒன்று. பிறரிடம் உள்ள குற்றத்தையும் பறைசாற்றாது மறைத்துக் காப்பது அது. இல்லாத குற்றத்தைக் கற்பித்துச் சுமத்துவோர் அவ்வங்கத்தினின்று எவ்வளவு தொலைவில் நிற்கின்றனர்!

மேலும், ஓர் உயிரின் இன்ப துன்பம் அதனதன் வினையின் உதயத்தால் வருவது. பிறர்க்கு நான் இன்பம் தந்தேன், துன்பம் தந்தேன் என்று எண்ணுதல் அஞ்ஞானம் என்று குந்தகுந்தர் சமயசாரத்தில் தெளிவுறுத்தினார். புறக்காரணங்களாகிய நிமித்தங்களை நம் சமயம் மறுக்கவில்லை. காய்ச்சலுக்கு நோய்க்கிருமி நிமித்தமாகலாம். கெட்ட நீர் நிமித்தமாகலாம். ஆனால் நிமித்தம் இன்னதென்பது பிரமாணத்தால் அறியப்பட வேண்டும். அயலாரின் கண் நிமித்தம் என்பதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை. தணலைச் சுற்றிக் கழியும் ஒரு மாலைப்பொழுது, மருத்துவரிடம் செல்ல வேண்டிய பொழுதாகவும் இருக்கக்கூடும்.

இச்சடங்கினால் தாயின் மனம் அமைதி பெறுகிறதே, அதனை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்போர் உளர். அமைதி கிடைப்பது உண்மை. ஆனால் அவ்வமைதியின் விலையை வேறொருவர் கொடுக்கிறார். பிறர் கொடுக்கும் விலையில் நாம் பெறும் அமைதி, திருடிய பொருளை ஒத்தது. அன்றியும் அது நிலைப்பதில்லை. அடுத்த காய்ச்சலில் மீண்டும் உப்பை எடுக்க வேண்டியிருக்கிறது. மீண்டும் ஒரு கண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

இரு திருஷ்டிகள்

திருஷ்டி என்னும் சொல்லுக்குப் பார்வை என்பது பொருள். ஊர்வழக்கில் அச்சொல் கண்ணேற்றைக் குறிக்கிறது. திருஷ்டி கழித்தல் என்கின்றனர். நம் ஆகமங்களிலோ அதே சொல் மோட்ச மார்க்கத்தின் முதற்படியைக் குறிக்கிறது. நற்காட்சி உடையவனைச் சம்யக்திருஷ்டி என்கிறோம். பிழைபட்ட காட்சி உடையவனை மித்யாதிருஷ்டி என்கிறோம். எட்டு அங்கங்களுள் அமூடதிருஷ்டி என்பது மூடமற்ற பார்வை. உலகமூடம், தேவமூடம், பாசண்டிமூடம் ஆகிய மூன்றையும் நீக்கினாலன்றி அப்பார்வை வாய்க்காது. ஊரார் செய்கின்றனர் என்பதற்காக ஆராயாமல் ஒன்றை நன்மை தருவதாகக் கொள்வது உலகமூடம்.

ஆகவே கழிக்க வேண்டிய திருஷ்டி ஒன்று உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். அஃது அயலாரின் கண்ணில் இல்லை. அவரைத் தீயவராகக் காணும் நம் கண்ணில் இருக்கிறது. அதனைக் கழிப்பதற்குத் தணல் உதவாது, நன்ஞானமே உதவும்.

உப்பினால் உண்மையாகவே கண்ணுக்குத் தீங்கு நேரும் இடம் ஒன்று உண்டு. அஃது உப்பளம். வெண்ணிற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலின் கூச்சத்தில் நாளெல்லாம் நின்று உழைப்போரின் கண்களும், உவர்நீரில் ஊறிய அவர்களின் பாதங்களும் படும் துன்பம் பெரிது. நாம் தணலில் எறியும் ஒவ்வொரு பிடியும் அவர்கள் வாரிக் குவித்த உப்பு. கண்ணைப் பற்றிக் கவலை கொள்வோர் அக்கண்களை எண்ணிப் பார்த்தல் நன்று.

உப்பை விடும் முறை

உப்பை விடுவதற்கு நம் சமயத்தில் ஒரு முறை உண்டு. புறத்தவங்கள் ஆறனுள் ஒன்றாகிய இரசபரித்தியாகம் அது. பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறு சுவைகளுள் ஒன்றையோ பலவற்றையோ துறப்பது. முனிவர் பெருமக்கள் சிலர் உப்பை வாழ்நாள் முழுவதும் துறக்கின்றனர். இல்லறத்தாராகிய நாம் அஷ்டமி, சதுர்த்தசி நாட்களில் ஒருவேளை உணவிலேனும் உப்பை நீக்கிப் பழகலாம். இதனால் குழந்தையின் காய்ச்சல் தீரும் என்று நாம் சொல்லவில்லை. அவ்வாறு பேரம் பேசினால் இதுவும் மற்றொரு சடங்காகிவிடும். காய்ச்சலுக்கு மருத்துவர் உளர். உப்பில்லா ஒருவேளை உணவு நம் நாவின் ஆசையைச் சற்றுக் குறைக்கும். ஆசை குறைந்த உள்ளத்தில் அச்சமும் ஐயமும் சற்றுக் குறையும். அதுவே அதன் பயன்.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழந்தைக்கு உடல் நலிவுற்றால், முதலில் மருத்துவரை நாடுங்கள். பிறகு பஞ்ச நமஸ்காரத்தை அமைதியாக ஓதுங்கள். குழந்தையைப் புகழ்ந்த அண்டை வீட்டு அம்மையார் நலம் விசாரிக்க வந்தால், குழந்தையை அவர் கையில் கொடுங்கள். நெடுநாள் மனத்தில் அடைபட்டுக் கிடந்த ஐயம் அப்போது ஓசையின்றிக் கரையும். வெளியேற வழியில்லாமல் அடைபட்டதே வெடிக்கிறது என்பதை உப்பில் கண்டோம். உள்ளத்திலும் அஃது அவ்வாறே.

இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். வீட்டு மூத்தோர் உப்புச் சுற்றும்போது நகைத்து அவர்களை நோகச் செய்யாதீர்கள், அதுவும் ஹிம்சையே. வாணலியில் கல்லுப்பையும் தூளுப்பையும் தனித்தனியே வறுத்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்டும் கண்டும் தாமே தெளியட்டும். ஒலிக்கும் உப்பினிடத்தில் பொருளைத் தேடி அலைவதை விடுத்து, ஒலியாத உயிர்களிடத்தில் இரக்கம் கொள்வதே ஜினர் வழி. அவ்வழியில் நம் இல்லங்கள் நிற்பனவாக. நற்காட்சி ஓங்குக! நல்லறம் வளர்க!